பெரியப்பாவின் புளியங்கொட்டைப் பைப்புகள்

“…என் கூடப் பொறந்தவன்ங்கிறதுக்காகச் சட்டமெல்லாம் மாறாது, பாத்துக்க. இது அணையிற வரைக்கும் நீதான் பேசணும்,” என்றார் பெரியப்பா, சித்தப்பா கொடுத்த குட்டிப் பைப்பை இரண்டு விரலால் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. சித்தப்பா சிரித்தார். ஒரு வருஷம் கழித்து துபாயிலிருந்து வீடு வந்தவர் சிரிக்கிற சிரிப்பு அது இல்லை என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு எட்டு வயசு. சிரிப்பில் தரம் பிரிக்கத் தெரியாது.

அந்தச் சட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று சாயங்காலம் எங்கள் கொல்லையில் நடந்தது விளங்காது.

பெரியப்பா காரைக்காலில் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தார். வடக்கே பூவத்திலிருந்து தெற்கே போலகம் வரைக்கும் எந்தக் கம்பத்தில் எந்தக் காக்கா வந்து உட்காரும் என்பதுகூட அவருக்குத் தெரியும் என்று அவருடைய ஆட்கள் சொல்வார்கள். நல்ல உயரம். கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. அப்பேர்ப்பட்ட கையை வைத்துக்கொண்டு அவர் சேர்த்ததோ, இருப்பதிலேயே சின்னச் சின்னதான புகை பிடிக்கும் பைப்புகளை. என் சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆனால் பொம்மை இல்லை. எல்லாவற்றிலும் புகையிலை வைக்கலாம், பற்றவைக்கலாம், இழுக்கலாம்.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டில் கரண்ட் போய், பெரியப்பா கொட்டுகிற மழையில் கம்பம் ஏறிச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். எதுவும் வேண்டாம் என்று இறங்கியவரின் சட்டைப் பையில் அந்தப் பெரியவர் வெள்ளைக் களிமண்ணில் செய்த ஒரு குட்டிப் பைப்பைச் செருகிவிட்டு, “பெருசா குடிச்சா நெஞ்சு போயிடும் முசியே, சின்னதா குடிங்க” என்றாராம். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா அதை வாங்கிப் பார்த்திருக்கிறார். “அவனவன் தபால்தல சேக்கிறான், தீப்பெட்டிப் படம் சேக்கிறான். நீங்க என்னாங்க, எறும்பு சமைக்கிறதுக்கு அடுப்பு சேக்கப் போறீங்களா?” அதுவரைக்கும் சேர்க்கிற யோசனையே தனக்கு இல்லை, அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது என்பார் பெரியப்பா. பெரியம்மாவும் லேசில் விடவில்லை. புகையிலை வைக்கிற குழி புளியங்கொட்டை அளவைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது, கொல்லையில்தான். அதுவும் புதுசாக ஒரு பைப் வந்த நாளில் மட்டும், அந்த ஒரு பைப்பை, ஒரே ஒரு தடவை.

இப்படி ஒரு நிபந்தனையை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், சரிசரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பெட்டிக்கடைப் பக்கம் போய் நின்றிருப்பான். பெரியப்பா அப்படியில்லை. பீடி கிடையாது, சிகரெட் கிடையாது. புதுப் பைப் வந்தால்தான் புகை. மாசக்கணக்கில் வராமல் போனாலும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். புகையிலை டப்பாவை மட்டும் எப்போதாவது எடுத்து, காயாமல் இருக்க உள்ளே போட்டு வைத்திருக்கும் உருளைக்கிழங்குத் தோலை மாற்றிவிட்டு, ஒரு தடவை மோந்து பார்த்து, மூடி வைத்துவிடுவார். அதைப் பார்த்தால் பெரியம்மாவுக்கே மனசு கேட்காது. “யாராச்சும் சீக்கிரம் ஊருக்கு வந்து தொலைங்களேன்” என்பார், யாரையும் குறிப்பிடாமல்.

வருவதற்கு ஆள் பஞ்சமில்லை. காரைக்காலில் வெளிநாட்டுக்கு ஒருத்தரையாவது அனுப்பாத தெரு கிடையாது. போகிறவர்கள் வீட்டுக்கு என்றைக்காவது பெரியப்பா ஏணியோடு போயிருப்பார். “அண்ணே, ஒங்களுக்கு என்னா வாங்கிட்டு வரட்டும்?” என்று கேட்டால், “செண்ட்டு வேணாம், டார்ச் லைட்டு வேணாம். கண்ணுல பட்டா சின்னதா ஒரு பைப்பு. படலைன்னா நீங்க நல்லபடியா வந்து சேருங்க, அது போதும்” என்பார். அப்படி வந்து சேர்ந்தவைதாம் எல்லாம். பாரிஸிலிருந்து ஏதோ வேர்க்கட்டையில் கடைந்தது, கோலாலம்பூரிலிருந்து மூங்கிலில் செய்தது, நுரை இறுகிக் கல்லானது மாதிரி வெள்ளை வெளேரென்று ஒன்று. பழைய மீட்டர் பெட்டிகளுக்குக் கண்ணாடி போட்டு, உள்ளே செம்புக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து, ஒவ்வொன்றாக மாட்டி வைத்திருந்தார். சாவிக்கொத்தில் தொங்குகிற துளையில்லாத மரப் பைப்பை யாராவது தெரியாமல் கொண்டுவந்துவிட்டால், “மூச்சு போவலைன்னா அது பைப்பு இல்ல, பொம்ம” என்று சைக்கிள் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டு, அதற்கும் உயிர் கொடுத்த பிறகுதான் கொக்கிக்கு அனுப்புவார்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பைப்பைக் கொண்டுவந்தவர் பெரியப்பாவுக்கு எதிரில் உட்கார வேண்டும். அது எரிகிற வரைக்கும் தான் போய்வந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றி இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம். பைப் அணைந்ததோ, அதற்கப்புறம் ஒரு கேள்வியும் கிடையாது. மிச்சம் அடுத்த பைப்புக்கு.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தெரு எப்படிப் பிய்த்து எடுக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சட்டத்தின் அருமை புரியும். ஏன் கறுத்துட்டே, ஏன் எளைச்சுட்டே, எப்ப திரும்பப் போற, எங்க பையனுக்கு ஒரு விசா பாக்கக் கூடாதா. பெட்டியை இறக்கி வைக்கிறதுக்குள் வந்தவருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றாகிவிடும். “ஒங்க பெரியப்பாகிட்ட ஒக்காந்தா மட்டுந்தான் பாப்பா கேள்விக்கு ஒரு முடிவு இருக்கு” என்று எதிர்வீட்டு நானா என்னிடம் சொல்வார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். அவர் எங்கள் தெருவுக்கே நானா.

பெரியப்பா புகைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அதன் நுனியால் நாலு இழை புகையிலையைக் குழிக்குள் தள்ளி, பூக்கட்டுகிறவர்கள் மொட்டைத் தொடுகிற மாதிரி தொட்டு அழுத்துவார். தீக்குச்சி ஒன்றுதான். அப்புறம் அவசரமே இல்லை. கோழி தண்ணீர் குடிக்குமே, ஒரு சொட்டு எடுத்து, தலையை நிமிர்த்தி, யோசித்து, அப்புறம் அடுத்த சொட்டு, அப்படித்தான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்ன நெருப்பை அணையாமல் கட்டிக் காப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். குரும்பகரத்திலிருந்து குவைத்துக்கு நர்ஸாகப் போன ஓர் அக்கா பித்தளையில் ஒரு பைப் கொண்டுவந்தார். ஒரு வருஷம் மழையே பார்க்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தவர் அதற்கு மேல் சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, அங்கே தன்னோடு தங்கியிருந்த பெண்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற வரைக்கும் அந்தப் பைப் எரிந்துகொண்டே இருந்தது. எப்படி எரிந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டு நானாவும் முந்தின லீவில் வந்தபோது ஒன்று கொடுத்திருந்தார். துபாயில் அவருக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. வளைவே இல்லாமல், நாதஸ்வரம் குட்டி போட்ட மாதிரி இருக்கும் அது. அன்றைக்கு அவர் சொன்ன துபாயை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஊருக்கு நடுவில் கடல் ஆறு மாதிரி நுழைந்து கிடக்கும். இந்தக் கரை தேரா, அந்தக் கரை பர் துபாய். இரண்டுக்கும் நடுவில் மரப்படகு போகும். ஒரு படகுக்காரர் காலாலேயே படகைத் திருப்பிக்கொண்டு கையால் ரொட்டி தின்பார். அதைக் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சித்தப்பா. அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அவரும் துபாய்க்கு என்று கிளம்பினார்.

அவர் துபாய்க்குப் போகவே இல்லை. இது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத் தெரிந்தது, சித்தப்பாவே சொன்னார். பம்பாய் வரைக்கும் அழைத்துப் போன ஏஜென்ட், ஒரு லாட்ஜில் அவரை உட்காரவைத்துவிட்டு, விசா வாங்கி வருகிறேன் என்று போனவன் போனவன்தான். சித்தப்பாவுக்கு ஊர் திரும்ப முகமில்லை. கல்யாணம் ஆகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. அங்கேயே ஒரு மெஸ்ஸில் சேர்ந்து பூரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் பூத்திலிருந்து நானா வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார். “இங்க ஒரே வெயிலு” என்பார். பம்பாயிலும் வெயில் உண்டு. அந்த மட்டில் அது பொய்யில்லை. “எல்லாருக்கும் துபாய்ன்னா பாலைவனம். எனக்கு துபாய்ன்னா ஒரு எண்ணெச் சட்டி” என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். அந்த வயசில் சிரிக்க முடிந்திருக்காது.

சித்தி அந்த ஒரு வருஷமும் குரும்பகரத்தில் தன் அப்பா வீட்டில் இருந்தார். புருஷன் வந்துவிட்டான் என்றதும் அவரை அழைத்துக்கொண்டு சித்தப்பாவின் மாமனார் அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு வந்தார். நெல்லும் வயலுமாக வாழ்ந்தவர், கோபக்காரர் இல்லை, ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவர் காதில் ஏற்கெனவே ஒரு செய்தி விழுந்திருந்தது. பம்பாய்க்கு லோடு அடிக்கிற அவர் ஊர் லாரி டிரைவர் ஒருத்தர், “ஒங்க மருமவன் மாதிரியே ஒருத்தரப் பாத்தேன், கையில ஜல்லிக்கரண்டியோட” என்று சொல்லியிருக்கிறார். வந்த கையோடு மாமனார் சமையல்கட்டு வாசலில் நின்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டார்: “துபாய் போனது நெசம்னா பொண்ணு இங்கயே இருக்கட்டும். பொய்யின்னா வந்த வேன்லயே கூட்டிட்டுப் போயிடுவேன். ஒரு வருசம் ஊரையே ஏமாத்துனவன், நாளைக்கு எம்பொண்ண ஏமாத்த மாட்டானா?” சித்தியின் பெட்டியை வேனிலிருந்து இறக்கவே விடவில்லை. “சித்திக்கு மாத்துப் பொடவ வேணாமாம்மா?” என்று நான் கேட்டேன். அம்மா என் தலையில் ஒன்று வைத்தாள்.

அன்று கொல்லையில் முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தாம்: பெரியப்பா, எதிரில் சித்தப்பா, ஒரு பக்கம் மாமனார், இன்னொரு பக்கம் லீவில் வந்திருந்த நானா. நான் பெரியப்பாவின் காலடியில் சாக்கின் மேல். சித்தி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா புகை பார்த்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. காலையிலிருந்தே டப்பாவைத் திறந்து திறந்து மோந்துகொண்டிருந்தார். ஒற்றைத் தீக்குச்சியைக் கிழித்தார். புளியங்கொட்டைக் குழிக்குள் சிவப்பாக ஒரு பொட்டு. முதல் சொட்டுப் புகையை உள்ளே வாங்கிக் கண்ணை மூடினார். “ம்… சொல்லு.”

சித்தப்பா தொண்டையைச் செருமினார். “துபாய்ங்கிறது… நடுவுல கடல் பூந்து கெடக்கும். மரப் படகு போவும். ஒரு படகுக்காரரு இருக்காரு, காலாலேயே படகத் திருப்புவாரு, கையால—”

“ரொட்டி தின்பாரு!” என்று கத்தினேன் நான். “நானா சொன்னாங்களே, அதே ஆளு!”

நானாவுக்குப் பரமதிருப்தி. “அந்த மனுசன் இன்னமும் இருக்காரா? பாத்தியாண்ணே, ஒரு வருசமா காலாலேயே ஓட்டுறாரு!” பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். “நானும் அங்கதானே தம்பி இருந்தேன். ஒரு போன் போட்டிருந்தா வெள்ளிக்கிழம வந்து பாத்திருப்பேன். நம்ம வூட்டுக்கு மட்டும் வாராவாரம் போன் போட்டிருக்கீங்க!”

“வேல அதிகம் நானா. கேம்ப்பு… தூரம்.”

மாமனார் இதுவரைக்கும் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

நானா கெட்டவர் இல்லை, வம்புக்காரரும் இல்லை. தூர தேசத்தில் தனியாக இருந்துவிட்டு வந்தவருக்கு, அதே ஊரில் இருந்த இன்னொரு ஆள் கிடைத்தால் வருகிற குஷிதான் அது. “எந்தத் தூரமா இருந்தா என்னா, ஆத்துக்கு ரெண்டு கரைதானே. தேராப் பக்கமா, பர் துபாய் பக்கமா?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஆவலாக அவரையே பார்த்தேன்.

“ரெண்டுக்கும் நடுவுல,” என்றார்.

“நடுவுல தண்ணியில்ல தம்பி கெடக்கு!” நானா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். கதவோரம் சித்தி சிரிக்கவில்லை. மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏன் மாப்புள, வருசம் முச்சூடும் தண்ணிக்குள்ளயா இருந்தீங்க? அவரு எந்தக் கரைன்னுதானே கேக்குறாரு. சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்.”

சித்தப்பா வாயைத் திறந்தார்.

“அவ்வளவுதான்,” என்றார் பெரியப்பா. “அணைஞ்சிடுச்சு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அணையவில்லை. கால்வாசிகூட எரியவில்லை. மூக்குத்திக் கல் மாதிரி உள்ளே சிவப்பு மினுங்கியது, நூல் மாதிரி புகை ஏறிக்கொண்டிருந்தது. “இல்ல பெரியப்பா! எரியுது! செவப்பா இருக்கு, நல்லா பாருங்க! நானா, நீங்க பாருங்க!”

நானா சிரித்த முகத்தோடு குனிந்து குழிக்குள் பார்த்தார். நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார். அப்புறம் சித்தப்பாவை. சிரிப்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

“அணைஞ்சுதான் போச்சு பாப்பா. வெயிலு பட்டு ஒனக்கு அப்புடித் தெரியுது.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பெரியவர்கள் கண் எதிரில் இருக்கிற நெருப்பை இல்லை என்கிறார்கள். அதுவும் பெரியப்பா! நான் இதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தேன்: மாசக்கணக்கில் புகை இல்லாமல் இருந்தவர், எங்களையெல்லாம் அனுப்பிவிட்டு மிச்சத்தைத் தனியாக உட்கார்ந்து பிடிக்கப் போகிறார். அவரை அவ்வளவு அல்பமாக நான் அதற்கு முன்னும் நினைத்ததில்லை, பின்னும் நினைத்ததில்லை.

“எங்க, நானும் பாக்குறேன்,” என்று மாமனார் எழுந்து வந்தார்.

“இதுல பாக்குறதுக்கு என்னாங்க மாமா இருக்கு?” என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா வலது கைக் கட்டைவிரலைக் குழியின் வாயில் வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே பேசினார். “மிச்சத்த அடுத்த பைப்புக்கு வச்சுக்குவோம். ஒங்களுக்குக் கேக்க வேண்டியது துபாயப் பத்தி இல்ல. எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன். இவன் இனிமே எங்கயும் போவ மாட்டான். இங்கயே கடை ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஒங்க பொண்ணு கண்ணு முன்னாலயே இருப்பான்.”

எந்தக் கடையையும் அவர் பார்த்து வைக்கவில்லை. அன்று ராத்திரிதான் என் அப்பாவிடம், “ஒரு கடை பாக்கணும்டா, ஒடனே” என்று சொன்னாராம். கடை என்கிற செய்தி சித்தப்பாவுக்கே கொல்லையில் அந்த நிமிஷம்தான் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க சொல்றீங்க…” என்று இழுத்தார் மாமனார்.

“நான்தான் சொல்றேன். நீங்க மறுபடி கேக்குற நெலம வந்தா, எங்கிட்ட கேளுங்க.”

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “தம்பி, பெட்டிய எறக்குப்பா” என்று வேன்காரருக்குக் குரல் கொடுத்தார். கதவோரம் நின்ற சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். பெட்டி வந்ததற்கு ஏன் அழ வேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா காபி கொண்டுவந்தார். பெரியப்பா இடது கையால் டம்ளரை வாங்கி, இடது கையாலேயே ஆற்றாமல் குடித்தார். நான் கோபத்தில் சாக்கை விட்டு எழுந்துபோய்க் கிணற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஆனாலும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எப்போது தனியாகப் பற்றவைக்கப் போகிறார் என்று. மாமனார் விடைபெற்றார். பெரியப்பா வாசல் வரை போய் இடது கையைத் தூக்கி அவரை வழியனுப்பினார். வலது கைக் கட்டைவிரலை, வேன் தெருமுனை திரும்பி மறைகிற வரைக்கும், அந்தக் குழியிலிருந்து எடுக்கவே இல்லை.